‘தகுதியில்லை’ என்று கணினி சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். 2019-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கு அப்டேட் நின்றுவிட்டது என்றார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ போட்டுப் பார்த்தால் தகுதியில்லை என்று வருகிறது. எங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவர், போர்டு, ப்ராசஸர் இரண்டையும் மாற்ற வேண்டும், 20,000 ரூபாய் ஆகும் என்கிறார். கடையில் பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, பழைய லேசர் பிரிண்டர் ஆகியவற்றை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது. வீட்டில் மகளுக்கு வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பிலும் அதே பதில். இரண்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 20,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைக் கணினியில் ப்ராசஸரின் பெயர் ஐ3-9100 என்று இருக்கிறது. உங்களுடைய எண்ணில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. உங்களுடையது 9-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல் ஏற்றுக்கொள்கிறது. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ராம் 4 ஜிபி போதும் என்கிறது, உங்களிடம் அதற்கு இரண்டு மடங்கு இருக்கிறது. டிஸ்க் 64 ஜிபி கேட்கிறது, அதிலும் குறையில்லை.

அப்புறம் ஏன் தகுதியில்லை என்றது? அந்த அறிவிப்பை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். இந்தக் கணினி ‘தற்போது’ தேவைகளை நிறைவு செய்யவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. அதே திரையில் எல்லா முடிவுகளையும் காட்டச் சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தி நீங்கள் எடுத்த இரண்டாவது படத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பச்சை டிக் இருக்கிறது. சிவப்பாக இருப்பவை இரண்டுதான்: டிபிஎம் 2.0, செக்யூர் பூட். இரண்டுமே உங்கள் போர்டில் இருக்கின்றன, அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடைக்கு மின்சாரம் வரவில்லை என்று நினைத்து வயரிங்கையே மாற்றப் போவது போன்ற கதைதான் இது. மெயின் ஸ்விட்ச் கீழே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.

டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் ஒரு பாதுகாப்புப் பெட்டி. தனிச் சிப்பாகத்தான் வாங்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் தலைமுறை இன்டெலில் அது ப்ராசஸர், சிப்செட்டோடு சேர்ந்தே வருகிறது. பயாஸில், அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், ‘பிடிடி’ என்ற பெயரில் இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் ‘எஃப்டிபிஎம்’ என்று இருக்கும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வரும்வரை இதை யாரும் கேட்கவில்லை. அதனால் அதற்கு முன் வந்த பெரும்பாலான போர்டுகளில் கம்பெனியே அணைத்து வைத்துத்தான் அனுப்பியது. அசெம்பிள் செய்தவரும் அப்படியே விட்டுவிட்டார்.

செக்யூர் பூட் என்பது கணினி திறக்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஓடவிடும் காவல். இது கொஞ்சம் சிக்கலானது. உங்கள் சர்வீஸ்காரர் போர்டை மாற்றச் சொன்னதற்குக்கூட இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் பயாஸுக்குள் போய்ப் பார்த்திருப்பார், அந்த வரி சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருந்திருக்கும். உடனே போர்டு சப்போர்ட் செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார். உண்மையில், ‘சிஎஸ்எம்’ என்கிற பழைய முறை ஆனில் இருக்கும்வரை செக்யூர் பூட்டைத் தொட முடியாது. சிஎஸ்எம்மை அணைத்தால் அது திறந்துகொள்ளும்.

தயவுசெய்து இதை வாசித்ததும் போய் அணைத்துவிடாதீர்கள். உங்கள் விண்டோஸ் பழைய முறையில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பயாஸ் மோட்’ என்று ஒரு வரி வரும். உங்கள் படத்தில் அதற்கு நேரே ‘லெகசி’ என்று இருக்கிறது. அப்படி இருக்கும்போது சிஎஸ்எம்மை அணைத்தால் அடுத்த முறை கணினி விண்டோஸுக்குள் போகாது, கறுப்புத் திரையில் நின்றுவிடும். யாராவது ஏற்கெனவே அப்படிச் செய்து மாட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், எதுவும் அழிந்திருக்காது. பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தால் பழையபடி திறக்கும்.

லெகசியிலிருந்து ‘யுஇஎஃப்ஐ’ முறைக்கு மாற, டிஸ்க்கின் அமைப்பை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். எதையும் அழிக்காமல் இதைச் செய்ய ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவியை மைக்ரோசாஃப்டே விண்டோஸோடு தருகிறது. மாற்றுவதற்கு முன் மாற்ற முடியுமா என்று மட்டும் சோதிக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் உங்கள் கணினியில் அது மறுத்துவிடும் என்றே நினைக்கிறேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தில் சி தனியாக இருக்கிறது. டி, இ, எஃப் மூன்றும் ஒரு பச்சைக் கட்டத்துக்குள் இருக்கின்றன. அந்தப் பச்சைக் கட்டம்தான் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். ஒரே டிஸ்க்கை நான்கு டிரைவாகப் பிரித்துத் தருவது நம் ஊர் அசெம்பிள்காரர்களின் நெடுநாள் பழக்கம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் அப்படி ஒரு பார்ட்டிஷன் இருந்தால் இந்தக் கருவி வேலை செய்யாது. இணையத்தில் கிடைக்கும் ஏதாவது பார்ட்டிஷன் சாஃப்ட்வேரைப் போட்டு மல்லுக்கட்டலாம்தான். வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கில் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

என் யோசனை இதுதான்: ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) வாங்குங்கள். போர்டு, ப்ராசஸர் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு. பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்து, பிடிடி, செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்துவிட்டு, விண்டோஸ் 11-ஐ அதில் புதிதாக ஏற்றுங்கள். 2019-லிருந்து நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை நம்பி விண்டோஸையும் வைத்திருப்பது நல்லதல்ல. இந்த மாற்றம் எப்படியும் செய்ய வேண்டியதுதான். கணினி திறக்கும் வேகத்தில் வித்தியாசத்தை அன்றே பார்ப்பீர்கள்.

ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்யும் விபத்து நடக்காது. இரண்டு, பழைய விண்டோஸ் அதில் முழுசாக அப்படியே இருக்கும். புதியதில் பேஜ்மேக்கர் அடம்பிடித்தால், பழைய டிஸ்க்கை மட்டும் மாட்டி பயாஸில் சிஎஸ்எம்மை ஆன் செய்தால் நேற்று பூட்டிய கடை அப்படியே திறக்கும். எல்லாம் சரியாக ஓடி ஒரு மாதம் போனபின் அதை ஃபைல்கள் வைக்கும் டிஸ்க்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மூன்று சின்ன விஷயங்கள். காலையில் கணினியைத் திறந்தால் தேதி, நேரம் தவறாக இருக்கிறதா? அப்படியென்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை முதலில் மாற்றுங்கள். இல்லையென்றால் பயாஸில் நாம் ஆன் செய்த டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அடுத்து யுபிஎஸ்: பயாஸ் அப்டேட்டோ விண்டோஸ் ஏற்றமோ பாதியில் இருக்கும்போது கரண்ட் போகக் கூடாது. மூன்றாவது, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியில் உங்கள் விண்டோஸ் 10 டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அதே போர்டில் அதே எடிஷனை ஏற்றும்போது விண்டோஸ் 11 தானாகவே ஆக்டிவ் ஆகும், தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. யாராவது ‘ஆக்டிவேட்டர்’ என்ற திருட்டு நிரலைப் போட்டுக் கொடுத்திருந்தால் லைசென்ஸை விலை கொடுத்தே வாங்குங்கள். ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பாஸ்புக்கும் வந்து போகிற கணினியில் அந்த மாதிரி நிரல்கள் இருக்கக் கூடாது.

கணினி தயாரா என்று அந்தச் சோதனை சொல்லிவிடும். கடை தயாரா என்று அதற்குத் தெரியாது. உங்கள் பிரிண்டரைப் பற்றியோ பேஜ்மேக்கரைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட வராது. பெரும்பாலானவர்கள் அடிபடுவது இங்கேதான்.

பிரிண்டரிலிருந்து தொடங்குங்கள். அதன் மாடல் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் தேடி, விண்டோஸ் 11-க்கு அல்லது குறைந்தபட்சம் விண்டோஸ் 10 64-பிட்டுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். 64-பிட் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. உங்கள் விண்டோஸ் 10 எந்த வகை என்பது செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இருக்கும். அது 64-பிட் என்றால் இன்று ஓடுகிற பிரிண்டரும் ஸ்கேனரும் நாளையும் ஓட வாய்ப்பு அதிகம். 32-பிட் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். மைக்ரோசாஃப்டோ அடோபியோ அதற்கு இன்று எந்தப் பொறுப்பும் ஏற்காது. 64-பிட் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தால் 11-இலும் ஓடும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்தபின்தான் நம்ப வேண்டும். புதிதாக ஏற்றுவதால் அதையும் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டும். சிடி எங்கே, சீரியல் எண் எங்கே என்று முதலில் தேடி எடுங்கள். கணினியில் சிடி டிரைவ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பல கடைகளில் அது தூசி படிந்து திறக்காமலே இருக்கிறது.

எழுத்துருக்கள்! பாமினியும் அந்த வகைப் பழைய எழுத்துருக்களும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கின்றன. புதிய விண்டோஸில் அவை வராது. அந்த ஃபோல்டரில் நீங்களாகப் போட்ட எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு இருந்தால் இரண்டையும் எடுத்து, எது எந்தக் கணினியில் இருந்தது என்று எழுதி வையுங்கள். தட்டச்சு செய்ய நீங்கள் பயன்படுத்தும் கீபோர்டு நிரலின் இன்ஸ்டால் ஃபைலும் வேண்டும். விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது, ஆனால் அது அடிப்பது யூனிகோட். பாமினியில் செய்த உங்கள் பழைய ஃபைல்களைத் திருத்த அது உதவாது.

ஒரு சோதனை சொல்கிறேன். இப்போதைய கணினியில் பெரிய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்து பிரிண்ட் எடுத்து வையுங்கள். ‘ஸ்ரீ’, ‘ணை’, ‘னூ’ போன்ற எழுத்துகளும், நெருக்கி அடித்த பெயர் வரிசையும் இருக்கிற பக்கமாக இருக்கட்டும். புதிய விண்டோஸில் அதே ஃபைலைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் பிரிண்ட் எடுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ட்யூப் லைட் பக்கம் பிடியுங்கள். வரிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எங்கேயாவது வரி முறியும் இடம் மாறியிருந்தாலோ ஒரு எழுத்துக் கட்டமாக விழுந்திருந்தாலோ, எழுத்துருவின் பதிப்போ பிரிண்டர் டிரைவரோ மாறியிருக்கிறது என்று பொருள். ஆயிரம் பத்திரிகை அடித்த பிறகு தெரிவதைவிட இரண்டு தாளில் தெரிந்துகொள்வது மேல்.

பேக்கப் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும். எஃப் டிரைவில் நகல் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் அதே டிஸ்க்தான், போனால் நான்கும் சேர்ந்தே போகும். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவற்றை மறக்காதீர்கள். அவசரத்தில் அங்கேதான் சேமிப்போம்.

உங்கள் கணினிக்குப் பொருந்தாவிட்டாலும், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் லேப்டாப் ஒன்றின் பயாஸை அப்டேட் செய்தேன். கணினி திரும்ப எழுந்ததும் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. டிஸ்க்கில் இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ அந்த லேப்டாப்பில் வாங்கிய நாளிலிருந்தே ஆனில் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது, நானும் பார்க்கவில்லை. சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மீட்கும் எண் போகவேண்டிய மொபைல் நம்பரை அவர் எப்போதோ விட்டுவிட்டார். அவருடைய மகள் பழைய டைரியில் பாஸ்வேர்டைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. வேலையின் உச்சத்தில் அவர் இழந்த இரண்டு நாள் அது. அன்றிலிருந்து, யாருடைய கணினியிலும் பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் 48 இலக்கத்தையும் தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

புதிதாக ஏற்றாமல், இருக்கும் விண்டோஸ் 10-இன் மேலேயே மாற்றப் போகிறவர்கள் சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் 10 நாளைக்குள் ரெக்கவரி பகுதியில் போய்ப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதுவரை ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

எப்போது செய்யலாம்? முகூர்த்தம் இல்லாத, பெரிய விண்ணப்பத் தேதி எதுவும் நெருங்காத ஒரு வாரம் பாருங்கள். சனிக்கிழமை மாலை கடை அடைத்தபின் தொடங்கினால் ஞாயிறு முழுவதும் சோதிக்கக் கையில் இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டன. உங்கள் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். மாறும்வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். யார் பென் டிரைவ் தந்தாலும் ஸ்கேன் செய்த பிறகே திறங்கள்.

இனி லேப்டாப். ஐ5-6300யூ, 6-ஆம் தலைமுறை. இதில் அணைந்த ஸ்விட்ச் எதுவும் இல்லை. டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் பச்சை, ப்ராசஸர் மட்டும் சிவப்பு. லேப்டாப்பில் ப்ராசஸரை மாற்ற முடியாது. ஆகவே இந்த ‘இல்லை’ உண்மையான ‘இல்லை’. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் உண்டு, உங்கள் ஊரிலும் செய்து தருவார்கள். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடும்?

வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-இன் பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித்துப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே சேரலாம். அது வேண்டாம் என்றால் 30 டாலர் அளவில் ஒரு கட்டணம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். மகளின் லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுங்கள். இது வீட்டுப் பயன்பாட்டுக்கானது, கடைக் கணினிக்கு இதை நம்ப வேண்டாம்.

அந்தத் தேதிக்குப் பிறகு அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம். பாடம் படிக்க, இணையம் பார்க்க, லிப்ரே ஆஃபீஸில் அசைன்மென்ட் அடிக்க அந்த லேப்டாப் இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியில் விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல் ஏதாவது கேட்பார்களா என்றும் அவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேட்பார்கள் என்றால் வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டியிருக்கும். செகண்ட்ஹேண்டே போதும். ‘விண்டோஸ் 11 போட்டது’ என்று சொல்லி 6, 7-ஆம் தலைமுறைகளை விற்கிறார்கள். விற்பவர் முன்னாலேயே பிசி ஹெல்த் செக்கைத் திறந்து, எல்லா முடிவுகளையும் காட்டச் சொல்லி, ப்ராசஸர் வரியில் பச்சை டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கடைக் கணினியில் எஸ்எஸ்டி போட்ட பிறகு பயாஸில் பிடிடி என்ற வரி கண்ணில் படவில்லை என்றால், போர்டின் மாடல் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து எழுதுங்கள். எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.